கத்தோலிக்கக் குருக்கள் ஏன் கல்யாணம் செய்வதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் சிறுபான்மை. பக்கத்து வளவில் சைவர்கள், அடுத்த ஒழுங்கையில் தென்னிந்திய திருச்சபைக் குடும்பங்கள். அதனால் இந்தக் கேள்வி எங்களுக்குப் பழகிப்போனது. பாடசாலையில் கேட்பார்கள், செத்த வீட்டில் கேட்பார்கள், கனடாவிலிருந்து வந்து நிற்கும் மச்சான் கேட்பார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளைகள் இன்னும் நேராகக் கேட்பார்கள். அந்த வகுப்பை எடுப்பவன் நான். என் சித்தப்பா ஒரு குரு. இத்தனை பேரும் கேட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். ஏன் கல்யாணம் செய்வதில்லை?

இயேசு கல்யாணம் செய்யாமல் வாழ்ந்தார். பீடத்தில் அவருடைய இடத்தில் நிற்பவர் குரு. அவர் வாழ்ந்த விதமாகவே வாழ்ந்து, தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளாமல், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்கு முழுதாக உரியவராக இருப்பது அந்தப் பணிக்குப் பொருந்தும் என்று லத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபை கருதுகிறது. நாங்கள் எல்லோரும் அந்த முறையைச் சேர்ந்தவர்கள்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967 ஜூனில் இதைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். மூன்று காரணங்களை அதில் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, கிறிஸ்துவைப் போல வாழ்தல். இரண்டு, திருச்சபை மீதுள்ள அன்பு. மூன்று, மறுவுலக வாழ்வு. உயிர்த்தெழுந்தபின் யாரும் பெண் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று மத்தேயு நற்செய்தி 22ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அப்படி ஒரு வாழ்வு உண்டு என்று நம்பி, இப்போதே அதன்படி வாழ்கிற ஒரு மனிதர் ஊருக்குள் நடமாடுவது ஒரு சாட்சி.

பிள்ளைகளுக்கு மூன்றாவதுதான் விளங்கக் கடினம். எனக்கு அதுதான் ஆகப் பெரிய காரணமாகத் தெரிகிறது. பிள்ளை, பேரப்பிள்ளை, பெயர் சொல்ல ஒரு வாரிசு என்பதில் நாங்கள் எவ்வளவு உயிரை வைத்திருக்கிறோம் என்று யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. அதை ஒருவர் மனமறிந்து விட்டுக்கொடுக்கிறார் என்றால், இந்த உலகத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

அப்படியென்றால் கல்யாணம் தாழ்ந்த வாழ்வா?

இல்லவே இல்லை. ஏழு திருவருட்சாதனங்களில் குருத்துவம் ஒன்று என்றால் திருமணமும் ஒன்று. திருமணத்தைத் தடைசெய்யும் போதகர்களை நம்பாதீர்கள் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதலாம் திருமுகமே எச்சரிக்கிறது. பெறுமதி இல்லாத ஒன்றை யாரும் காணிக்கையாகக் கொடுப்பதில்லை. கல்யாணம் நல்லது என்பதால்தான் அதைக் கொடுப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

இயேசு இதைக் கட்டளையாகச் சொன்னாரா? இராயப்பருக்கு (பேதுருவுக்கு) மனைவி இருந்தாரே?

இருந்தார். இராயப்பருடைய மாமியார் காய்ச்சலாகக் கிடந்ததையும் இயேசு குணமாக்கியதையும் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே வாசிக்கிறோம். மற்றத் திருத்தூதர்களும் கேபாவும் (இராயப்பரின் இன்னொரு பெயர்) தங்கள் மனைவியரோடு பயணம் போனார்கள் என்று சின்னப்பரும் (பவுலும்) கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

இயேசு கட்டளையாக எதையும் சொல்லவில்லை. விண்ணரசின் பொருட்டு மணவாழ்வைத் துறப்பவர்களும் உண்டு என்றும், ஏற்றுக்கொள்ளக்கூடியவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்றும் மத்தேயு 19இல் சொல்கிறார். இது அழைப்பு. மணமாகாதவர்களைப் பற்றி ஆண்டவரிடமிருந்து தனக்குக் கட்டளை ஏதும் கிடைக்கவில்லை என்று சின்னப்பரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, தன் கருத்தைச் சொல்கிறார். மணமாகாதவர் ஆண்டவருக்குரியவற்றில் கவலையாக இருக்கிறார், மணமானவருடைய மனம் பிளவுபட்டிருக்கிறது என்பது அவர் கருத்து. அதே நேரம், சபைக் கண்காணிப்பாளர் ஒரே மனைவியை உடையவராக இருக்க வேண்டும் என்ற வசனமும் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. வேதாகமத்தில் ஒன்றுமே இல்லை என்பவர்களும் பிழை, எல்லாம் அங்கேயே எழுதி வைத்திருக்கிறது என்பவர்களும் பிழை.

பிறகு எப்போது சட்டமாக வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் ஆயர்கள் கூடி நடத்திய எல்விரா சங்கம், மணமான ஆயர்களும் குருக்களும் திருத்தொண்டர்களும் (குருவுக்கு முந்திய பட்டம் பெற்றவர்கள்) மனைவியோடு தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டும் என்றது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கல்யாணமான ஆண்கள் குருக்களாகினார்கள். கேட்கப்பட்டது, குருவான பிறகு உடலுறவைத் தவிர்த்து வாழ்வது. 385இல் திருத்தந்தை சிரீசியுஸ் ஸ்பெயின் ஆயர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலும் இதையே வலியுறுத்தினார்.

கிழக்கே வழக்கம் வேறுவிதமாக நிலைபெற்றது. 692ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கம், கல்யாணமானவர் குருவாகி மனைவியோடு வாழலாம், ஆயர் மட்டும் மணத்துறவியாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. அந்த ஒழுங்கு இன்றும் அங்கே இருக்கிறது.

மேற்கில் சட்டம் ஏட்டில் இருந்தது, பல இடங்களில் நடப்பு வேறாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை ஏழாம் கிரகோரி இதைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தார். ஜெர்மனியில் குருக்கள் பலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். 1139இல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், குருப்பட்டம் பெற்றவர் செய்யும் திருமணம் திருமணமே ஆகாது என்று தீர்த்தது. புரட்டஸ்தாந்து மறுசீரமைப்புக் காலத்தில் லூத்தர் போன்றோர் இதை நிராகரித்துத் தாங்களும் மணம் முடித்தார்கள். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் சட்டத்தை உறுதிப்படுத்தியதோடு, மறைமாவட்டங்களில் குருமடங்களை அமைக்கவும் பணித்தது. என் பார்வையில் இந்த இரண்டாவது முடிவுதான் அதிகம் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பயிற்சி இல்லாமல் ஒருவரிடம் வாழ்நாள் வாக்குறுதியைக் கேட்பது அநியாயம்.

உண்மையான காரணம் திருச்சபைச் சொத்துத்தானே?

இதைக் கேட்பவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்பார்கள். பாதி உண்மை. இடைக்கால ஐரோப்பாவில் கோயில் காணி குருவின் பிள்ளைகள் கைக்குப் போனது பெரிய பிரச்சினையாக இருந்தது. 1022இல் பாவியா நகரில் கூடிய சங்கம் அதைத் தடுக்கவே கடும் விதிகளைப் போட்டது. அந்த விதிகள் குருக்களின் பிள்ளைகளைத் திருச்சபையின் அடிமைகளாக்கின. அதை நினைக்கும்போது மனம் நோகிறது, மறைக்கவும் கூடாது.

ஆனால் எல்விரா அதற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டு முந்தியது. அப்போது திருச்சபையிடம் பங்குபோடப் பெரிய காணி எதுவும் இருக்கவில்லை. சொத்து ஒரு காரணமாகச் சேர்ந்தது உண்மை, தொடக்கம் அதிலிருந்து வரவில்லை.

இது மாற்ற முடியாத விசுவாசக் கோட்பாடா?

இல்லை, திருச்சபையின் ஒழுங்கு. குருத்துவத்தின் இயல்பே மணத்துறவைக் கோரவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட குருக்கள் பற்றிய ஏட்டில் தெளிவாகச் சொல்கிறது. அதே பந்தியிலேயே இந்த ஒழுங்கைப் போற்றி உறுதியும் செய்கிறது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இது 277ஆம் இலக்கம்.

கனடாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குரு மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார். எப்படி?

அவர் பெரும்பாலும் உக்ரேனியக் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவராக இருப்பார். திருத்தந்தையோடு ஒன்றித்திருக்கும் கீழைத் திருச்சபைகள் 23 இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கல்யாணமானவர் குருவாகலாம். அவர் முழுமையான கத்தோலிக்கக் குரு, அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், தயங்க வேண்டாம். தங்கள் பாரம்பரிய நிலப்பரப்புக்கு வெளியே அவர்கள் மணமானவர்களைக் குருவாக்குவதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் அதை நீக்கினார்.

லத்தீன் முறையிலும் விலக்கு உண்டு. அங்கிலிக்கன் சபையிலிருந்து வந்த மணமான போதகர்கள் கத்தோலிக்கக் குருக்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறார்கள். 2009இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) அவர்களுக்கென்றே தனி அமைப்பை உருவாக்கினார்.

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களிடமும் முன்பு மணமான குருக்கள் இருந்தார்கள். 1599இல் உதயம்பேரூரில் போர்த்துக்கேயர் கூட்டிய சங்கம் அதை நிறுத்தியது. ஒரு மக்களின் பழைய வழக்கத்தை வெளியிலிருந்து வந்தவர்கள் அதிகாரத்தால் வெட்டியது அது. மணத்துறவை நேசிக்கிற நான்கூட அதை நியாயம் என்று சொல்லமாட்டேன்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கிலும் மேற்கிலும், கல்யாணம் செய்தவர் குருவாகலாமா என்பதில்தான் வேறுபாடு. குருவானபின் கல்யாணம் செய்ய இரு பக்கத்து மரபும் இடம் கொடுப்பதில்லை.

ஐயர்மார் கல்யாணம் செய்துதானே பூசை செய்கிறார்கள்?

சைவ நண்பர்களின் முதல் கேள்வி இதுதான். கோயில் குருக்கள் மனைவியோடு வாழும் இல்லறத்தாராக இருக்க வேண்டும் என்பது சிவாச்சாரியார் மரபு, அதற்குள் அதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. எங்கள் குருவை விளங்கிக்கொள்ள நீங்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்பேன். ஆறுமுக நாவலரைப் பாருங்கள். சைவத்துக்கும் தமிழுக்கும் தன்னைக் கொடுக்க வேண்டும் என்று கல்யாணமே செய்யாமல் 1879இல் கண் மூடும்வரை உழைத்தார். கிறிஸ்தவ மிஷனரிமாரோடு வாழ்நாள் முழுதும் வாதிட்டவர் அவர். ஆனாலும் அவர் ஏன் தனித்து வாழ்ந்தார் என்று ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. யோகர் சுவாமி கொழும்புத்துறையில் ஒரு குடிலில் இருந்தார். அதே கொழும்புத்துறையில்தான் எங்கள் புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடமும் இருக்கிறது. நல்லை ஆதீனமும் துறவிகளின் இடம்தான்.

ஆக, துறவு யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. எங்களிடம் உள்ள வித்தியாசம், பூசை ஒப்புக்கொடுப்பவரும் துறந்தவரும் ஒரே ஆளாக இருப்பது. இன்னொன்று: துறவி ஊரை விட்டு விலகலாம், ஓர் ஊர்ப் பங்குக்குப் பொறுப்பான குருவான பங்குத்தந்தைக்கு அந்த வசதி கிடையாது. அவரை ஊரின் நடுவில் கொண்டுவந்து வைக்கிறார்கள். எல்லைவேலிச் சண்டை, விளையாட்டுக் கழகத் தேர்தல், பெருநாள் கணக்கு, குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவர் என்று எல்லாம் அவருடைய வாசலுக்கு வரும். குடும்பம் இல்லாதவர் என்கிறோம். ஊரில் உள்ள அத்தனை குடும்பப் பிரச்சினையும் அவருக்குத் தெரியும்.

தென்னிந்திய திருச்சபைப் போதகர்கள் குடும்பத்தோடு நன்றாகத்தானே பணி செய்கிறார்கள்?

செய்கிறார்கள். போதகரின் மனைவி செய்யும் பணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் உயர்வு என்ற போட்டி இதில் இல்லை.

எல்லாக் குருக்களும் துறவிகளா?

இல்லை, இதில் நிறையப் பேருக்குக் குழப்பம். யாழ். மறைமாவட்டக் குருக்கள் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணத்துறவில் வாழ்வதாகவும் வாக்குக் கொடுக்கிறார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு அவர்களுக்கு இல்லை, ஆகவே ஒரு மோட்டார் சைக்கிள் தன் பெயரில் வைத்திருக்கலாம். 1847இல் இங்கே வந்த அமலமரித் தியாகிகள் போன்ற சபைக் குருக்களும், திருக்குடும்பக் கன்னியர் போன்ற சகோதரிகளும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடுகளைக் கொடுக்கிறார்கள். முழுநேரச் செப வாழ்வுக்கென்று இந்த மண்ணிலேயே பிறந்த சபையும் உண்டு. தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகள் தொடங்கிய செபமாலைதாசர் சபை அது.

இந்த வாக்கை எப்போது கொடுக்கிறார்கள்?

குருப்பட்டத்தன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே, திருத்தொண்டராகும் நாளில் கொடுக்கிறார்கள். ஆயர் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார், அவர் சத்தமாகப் பதில் சொல்கிறார். சட்டப்படி அப்போது அவருக்குக் குறைந்தது 23 வயது, குருவாகும்போது 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் அதைவிடக் கூட இருக்கும். பெரிய குருமடத்தில் மெய்யியலும் இறையியலுமாக ஏழெட்டு ஆண்டு போய்விடும், இடையில் ஒரு பங்கில் நின்று பழகும் காலமும் உண்டு. ஒன்றும் தெரியாத வயதில் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு சரியல்ல.

எங்கள் வீட்டு விறாந்தையில் சித்தப்பாவின் குருப்பட்டப் படம் ஒன்று தொங்குகிறது. பேராலயத்தின் நிலத்தில் முகங்குப்புறக் கிடக்கிறார். புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடும் நேரம் அது. வெள்ளை உடுப்புக்கு வெளியே உள்ளங்கால் இரண்டும் படத்தில் முன்னுக்குத் தெரிகின்றன. முதல் வாங்கில் அப்பாச்சி. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பீடத்தைப் பார்க்க, அவ மட்டும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. அன்றைக்குப் பின்னேரத்திலிருந்து மகனை ‘சுவாமி’ என்றும் ‘நீங்கள்’ என்றும்தான் கூப்பிட்டா. அதுவரை ‘டேய்’ என்று கூப்பிட்டவ. அந்த மரியாதைக்குள் ஒரு தாய் விட்டுக்கொடுத்ததும் இருக்கிறது. குருவின் காணிக்கையைப் பற்றிப் பேசும்போது பெற்றவர்களின் பங்கை நாங்கள் எண்ணுவதே இல்லை.

அவர் கல்யாணம் செய்யாததால் எங்களுக்கு என்ன?

இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தின் வரலாறே பதில் சொல்லும் என்று நினைக்கிறேன்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்கள் இங்கே இருப்பதே குற்றம். ஏறக்குறைய முப்பது ஆண்டு பூசை இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். வயிற்றோட்டத்தில் சாகக் கிடந்து தப்பினார். கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். இரவில் பூசை, விடியுமுன் வேறிடம். வாழ்நாள் முழுதும் திரும்பிப் போகவே இல்லை, 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். மனைவி பிள்ளைகள் இருந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிடிபட்டால் யார் பட்டினி கிடப்பார்கள் என்று யோசிக்கத் தேவையில்லாத ஒருவர்தான் அந்தப் படகில் ஏறினார்.

எங்கள் காலத்திலும் பார்த்தோம். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியில் ஷெல் விழுந்தபோது மக்கள் ஓடிப்போய் நின்ற இடம் கோயில். அந்த மக்களோடு நின்று, அவர்களை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார். சில நாளில், ஓகஸ்ட் 20ஆம் திகதி, அவர் காணாமல் போனார். இன்றுவரை பதில் இல்லை.

யுத்த காலத்தில் மக்களோடு நின்றவர்களில் குடும்பஸ்தர்கள் இருந்தார்கள், ஐயர்மார் இருந்தார்கள், வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த விலை குறைந்ததல்ல, சில நேரம் கூடியது. நான் சொல்வது இதுதான்: ஒரு குருவை ஊரோடு நிற்கச் சொல்லித்தான் திருச்சபை பல ஆண்டு பழக்குகிறது. மணத்துறவு அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி.

இவ்வளவு பெரிய சம்பவங்களும் தேவையில்லை. நெடுந்தீவில் பங்குத்தந்தையாக இருப்பவரை எண்ணிப் பாருங்கள். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து, கடல் கொந்தளித்தால் திரும்பி வந்து, கச்சதீவு அந்தோனியார் திருவிழா வந்தால் அங்கும் ஓடி. மாற்றம் வந்தால் ஒரு பெட்டியோடு அடுத்த பங்கு. பிள்ளையின் பாடசாலை அனுமதி, மனைவியின் வேலை என்று எதுவும் அவரைப் பிடித்து வைப்பதில்லை.

அவர்களுக்குத் தனிமை இல்லையா?

இருக்கிறது. இல்லை என்று சொல்கிற குருவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பெருநாள் முடிந்த இரவுதான் கடினம் என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். நவநாள் எல்லாம் சனம், சுருவம் தூக்குதல், ஒலிபெருக்கி, சாப்பாட்டுப் பந்தி. கடைசி நாள் கொடி இறக்கி, பந்தல்காரர் தடிகளை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனபின், அவரவர் தங்கள் வீட்டுக் கதவைச் சாத்துவார்கள். பங்குமனையில் யாரோ கொடுத்துவிட்ட இடியப்பம் காய்ந்துபோய் இருக்கும். பசி இல்லை, பேசவும் ஆள் இல்லை.

அந்த இடத்தைச் செபம் நிரப்பும் என்பது உண்மை. செபம் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லிவிட்டு விலகுவது பிழை. சக குருக்களின் நட்பு வேண்டும், கூடப் பிறந்தவர்களின் உறவு வேண்டும், பங்கில் நாலு வீட்டில் சும்மா போய் இருந்து தேத்தண்ணி குடிக்கும் சுதந்திரம் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போனால் கதை கட்டிவிடுகிறார்கள். பிறகு அவர் யாரோடும் பேசாமல் உள்ளே அடைந்து கிடந்தால் ‘பாதர் பழகமாட்டார்’ என்று ஆயருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இன்னும் சிலர் மரியாதை என்ற பெயரில் போத்தல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தனிமையில் இருப்பவருக்கு இதைவிடக் கெட்ட பரிசு கிடையாது. குருவின் வாக்குறுதி அவருடையது மட்டும் என்று நினைக்கிறோம். அவர் எங்களுக்காகத்தான் அதைக் கொடுத்தார், அதைக் காப்பாற்றுவதில் எங்களுக்கும் பொறுப்பு உண்டு.

என்ன செய்யலாம் என்று கேட்டால்: பெருநாள் முடிந்த மறுநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். குடும்பமாக இருக்கும் நேரத்தில் கூப்பிடுங்கள். கோயில் கணக்கைப் பற்றிக் கதைக்காதீர்கள்.

சிறுவர் துஷ்பிரயோகங்களுக்கு இதுதானே காரணம்?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பல நாடுகளில் கத்தோலிக்கக் குருக்கள் சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்திருக்கிறார்கள், மேலிடத்தில் இருந்தவர்கள் மறைத்திருக்கிறார்கள். அது பாவம் மட்டுமல்ல, குற்றம்.

மணத்துறவு காரணமா என்றால், அவுஸ்திரேலிய அரச ஆணைக்குழு பல ஆண்டு விசாரித்து 2017இல் சொன்னதைக் கவனிக்கலாம். மணத்துறவு நேரடிக் காரணம் அல்ல, ஆனால் வேறு நிலைமைகளோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டக்கூடும் என்றது. கட்டாய மணத்துறவை மறுபரிசீலனை செய்யும்படியும் பரிந்துரைத்தது. கல்யாணமானவர்களாலும், சொந்த வீட்டுக்குள்ளும் இந்தக் கொடுமை நடப்பதை நாங்கள் அறிவோம். ஆகவே கல்யாணம் செய்துவைத்தால் தீர்ந்துவிடும் என்பது பொய்த் தீர்வு. உள்ளம் முதிராத ஒருவர் இந்த வாழ்வுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்பதும் உண்மை. குருமடத்தில் ஆட்களைத் தெரிவதும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் துணிவும், யாராக இருந்தாலும் முறையிடும் வழியும்தான் பிள்ளைகளைக் காக்கும்.

உங்கள் பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். ‘கோயிலின் பெயர் கெட்டுவிடும்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஒருவர் இடையில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்ய விரும்பினால்?

திருத்தந்தையிடம் விண்ணப்பிக்க வேண்டும். மணத்துறவுக் கடமையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான். அனுமதி கிடைத்தால் கோயிலில் முறைப்படி கல்யாணம் செய்து, சாதாரணக் கத்தோலிக்கராக வாழலாம். குருத்துவ முத்திரை அழியாது என்பது எங்கள் நம்பிக்கை. பூசை வைக்க முடியாது, ஆனால் சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவரும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் கல்யாணம் செய்தால் அது திருச்சபையில் செல்லாது, பதவியும் போய்விடும்.

அப்படி வெளியே வந்தவர்களை நாங்கள் நடத்தும் விதம் எனக்கு வருத்தம். உண்மையைச் சொல்லி, முறையாக வெளியே வந்தவரை ஊர் ஒதுக்கி வைக்கிறது. இரட்டை வாழ்வு வாழ்ந்தவர்களைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

எதிர்காலத்தில் மாறுமா?

மாற்ற முடியும். மாறும் என்பதற்கு இப்போதைக்கு அறிகுறி இல்லை. 2019 ஒக்டோபரில் அமேசன் பகுதிக்கான ஆயர் மாமன்றம், குருக்கள் இல்லாத தொலைதூர ஊர்களில் மணமான நல்ல மனிதர்களைக் குருவாக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. 2020 பெப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய பதில் ஏட்டில் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பூசையே இல்லாமல் மாதக்கணக்கில் ஒரு ஊர் இருப்பதைவிட மணமான குரு ஒருவர் இருப்பது நல்லது என்பதே என் எண்ணம். யோசேப் வாஸ் வருவதற்கு முந்திய முப்பது ஆண்டை அறிந்த யாழ்ப்பாணத்தார் இதை விளங்கிக்கொள்வார்கள். அப்படி ஒருநாள் கதவு திறந்தாலும், மணத்துறவு இல்லாமல் போகக் கூடாது என்றும் விரும்புகிறேன். இரண்டு ஆசையும் ஒன்றோடொன்று மோதுவதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரே மகன் குருமடம் போகப் போகிறேன் என்கிறான். என்ன செய்வது?

முதலில், அழுது தடுக்காதீர்கள். இரண்டாவது, ஊருக்குப் பெருமை என்று தள்ளியும் விடாதீர்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டாவது அதிகம் கெடுதல் செய்கிறது. கல்யாணத்தில் விருப்பமில்லை என்பது மட்டும் அழைத்தலுக்கு அடையாளம் அல்ல. நல்ல தகப்பனாகக்கூடிய ஒருவன்தான் நல்ல குருவாகவும் வருவான். சிநேகிதர்கள் இருக்கிறார்களா, பொறுப்பாக ஒரு வேலையை முடிக்கிறானா, கோபத்தை அடக்கத் தெரியுமா என்று பாருங்கள்.

உயர்தரம் முடிக்கட்டும். பங்குத்தந்தையோடும் மறைமாவட்டத்தில் அழைத்தலுக்குப் பொறுப்பான குருவோடும் பேசுங்கள். குருமடம் போனபின் ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்கு வருவான். அப்போது ‘இனி உனக்கு இங்கே என்ன வேலை’ என்று பகிடிக்கும் சொல்லாதீர்கள். திருத்தொண்டராகும் நாள்வரை அவன் சுதந்திரமானவன், திரும்பி வந்தால் அது தோல்வி இல்லை. அவனுடைய சொத்துப் பங்கை விற்றுவிடாமல் வைத்திருங்கள்.

மனைவி இறந்தவர் குருவாகலாமா? கல்யாணமானவர் திருத்தொண்டராகலாமா?

இரண்டுக்கும் ஆம். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கும் நிலைக்கு வந்திருந்தால் விண்ணப்பிக்கலாம், வயதையும் உடல்நிலையையும் பார்த்து ஆயர் முடிவெடுப்பார். நிரந்தரத் திருத்தொண்டராவதற்குக் கல்யாணம் தடையில்லை, 35 வயது ஆகியிருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். அவர் திருமுழுக்குக் கொடுக்கலாம், கல்யாணம் நடத்தலாம், அடக்கச் சடங்கு செய்யலாம், பூசை மட்டும் வைக்க முடியாது. மனைவி இறந்தால் அவர் மறுபடி கல்யாணம் செய்வதில்லை. எல்லா மறைமாவட்டங்களிலும் இந்த நிரந்தரத் திருத்தொண்டர் பணி நடைமுறையில் இல்லை, ஆகவே விருப்பம் உள்ளவர்கள் முதலில் தங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.